பீர்த் தொட்டியில் மிதந்த கண்ணாடிக் குழாயும் நம்ம வீட்டுச் சுகர் மிஷினும்



இது கொஞ்சம் நீளமான த்ரெட். பீரில் ஆரம்பிச்சு, மூத்திரத்துக்குப் போய், நெல்லிக்குப்பம் கரும்பு ஆலை வழியா, உங்க வீட்டு ஷெல்ஃபில் இருக்கிற சுகர் மிஷினில் வந்து நிற்கும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவிட்டு வந்துடுங்க.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்து இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விதான் காரணம். "அண்ணா, வீட்லயே பீர் போடப் பழகுறேன். சர்க்கரை அளவு பார்க்க ஹைட்ரோமீட்டர் வாங்கறதா, ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கறதா? இல்ல, குளுக்கோமீட்டரை வச்சே பார்த்துக்கலாமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ இருந்துகொண்டு யாரும் குடத்தைத் தூக்க வேண்டாம். மருத்துவராக, "குடிங்க" என்று நான் யாருக்கும் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஏன் என்றால், உங்கள் ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் வரலாறும் பீரில் சர்க்கரை அளக்கும் வரலாறும் ஓரிடத்தில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன.

ஹைட்ரோமீட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் திரவமானி என்று படித்தோமே, அதுதான். பால்காரரிடம் இருந்தால் அது பால்மானி. அனல் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பேட்டரி அறையில் ஆசிட் அடர்த்தி பார்க்கிற கருவி. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய், மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடுகள். திரவம் கனமாக இருந்தால் குழாய் மேலே எழும்பி நிற்கும். லேசாக இருந்தால் அமிழ்ந்து போகும். சுத்தமான தண்ணீரில் 1.000 என்று காட்டும். பீருக்கான மால்ட் சாற்றில் சர்க்கரை கரைந்திருப்பதால் 1.050 பக்கம் காட்டும். கரும்புச் சாற்றில் அதைவிட மேலே, 1.070-ஐத் தாண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் பீர் ஆலைகளில் இந்தக் கருவி கிடையாது. விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்பார்கள். 1760-களின் கடைசியில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் ஒரு ஹைட்ரோமீட்டரை வாங்கி, அப்பாவின் ஆலையில் சோதனை செய்ய ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பையன் ஒளிந்து ஒளிந்து அளந்தார். லண்டனின் பெரிய பீர் முதலாளி சாமுவேல் விட்பிரெட்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவரும், "இந்தக் கனவெல்லாம் விட்டுட்டு ஊருக்குப் போய்ப் பிழைப்பைப் பார்" என்கிற தோரணையில் அனுப்பிவிட்டார். பெரிய இடத்தில் இருப்பவர்களுக்குப் புதுக் கருவி என்றாலே ஒரு எரிச்சல்தான். மருத்துவத்திலும் இதே கதையைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் இந்தக் கருவியைப் பற்றிப் புத்தகமே எழுதினார். "சாக்கரோமீட்டர்", அதாவது சர்க்கரைமானி, என்ற பெயரைப் பரப்பியவர் அவர். அளக்க ஆரம்பித்ததும் ஓர் உண்மை வெளியே வந்தது. போர்ட்டர் என்ற கறுப்புப் பீருக்குப் போட்ட பழுப்பு மால்ட் விலை குறைவு. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையும் மிகக் குறைவு. விலை கூடிய வெளிர் மால்ட்தான் கடைசியில் லாபம். ஒரு கண்ணாடிக் குழாய் லண்டன் மக்கள் குடித்த பானத்தின் செய்முறையையே மாற்றிவிட்டது.

இதில் கணக்கு எப்படி என்று பாருங்க. ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் 1.050. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிய பிறகு 1.010. இந்த வித்தியாசத்தை வைத்து எவ்வளவு சர்க்கரை போனது, எவ்வளவு ஆல்கஹால் வந்தது என்று சொல்லிவிடலாம். இந்த உதாரணத்தில் சுமார் 5 சதவீதம்.

சரி, தம்பிக்கு என் பதில். ஹைட்ரோமீட்டரே வாங்குங்க. ரிஃப்ராக்டோமீட்டர் என்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சர்க்கரையைச் சொல்லும் கருவி. இரண்டு சொட்டு போதும், சௌகரியம்தான். ஆனால் ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும். நொதித்தல் தொடங்கிய பிறகு அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்பினால் இல்லாத சர்க்கரை இருப்பதாகத் தெரியும். திருத்தக் கணக்கு போட வேண்டும். ஈஸ்ட் போடுவதற்கு முன் பார்க்க அது சரி, பின்னால் ஹைட்ரோமீட்டர்தான் சரி.

வெப்பநிலையையும் மறக்காதீங்க. ஹைட்ரோமீட்டரின் மேலேயே எந்த வெப்பநிலைக்குச் செய்தது என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 20 டிகிரி. நெய்வேலி மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது அறையில் வைத்த தண்ணீரில் போட்டால், அது 1.000 காட்டாது, 0.994 பக்கம் காட்டும். சூட்டில் தண்ணீர் விரிந்து லேசாகிவிடுகிறது.

குளுக்கோமீட்டர்? கூடவே கூடாது. மால்ட் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி குளுக்கோஸை மட்டும் கண்டுபிடிக்கிற மாதிரி செய்யப்பட்டது. ஈஸ்ட்டும் குளுக்கோஸைத்தான் முதலில் தின்னும். ஆக, மிஷின் "சர்க்கரை தீர்ந்தது" என்று சொல்லும்போது மால்டோஸ் உள்ளே அப்படியே இருக்கலாம். அதை நம்பி பாட்டிலில் அடைத்து மூடினால் உள்ளே நொதித்தல் தொடரும், வாயு சேரும், பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம்.

இந்த மால்டோஸை நினைவில் வச்சுக்கோங்க. கடைசியில் மறுபடி வரும், அங்கே விளையாட்டாக வராது.

இப்போ என் துறைக்கு வரேன்.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்பது நம் பண்டைய மருத்துவர்களுக்குத் தெரியும். மதுமேகம் என்ற பெயரே தேன் போன்ற சிறுநீர் என்ற பொருளில் வந்தது. ஐரோப்பாவில் 1674-ல் தாமஸ் வில்லிஸ் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீங்க, நாக்குதான். 1776-ல் லிவர்பூலின் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் கொதிக்க வைத்து வற்றவிட்டார். அடியில் தங்கியது பழுப்புச் சர்க்கரை மாதிரி இருந்தது, இனித்தது. ரத்தத்தின் தெளிநீரும் இனிப்பதைச் சொன்னார். அதுவரை இதைச் சிறுநீரகத்தின் கோளாறு என்று பலர் நினைத்திருந்தார்கள். ரத்தத்திலேயே சர்க்கரை இருக்கிறது என்றால் நோய் உடல் முழுவதும் சம்பந்தப்பட்டது. இது சாதாரணத் திருப்பம் இல்லை.

அடுத்த சில வருடங்களிலேயே எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற பேராசிரியர் சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் ஈஸ்ட்டைப் போட்டார். நுரைத்துப் பொங்கியது. பீர் ஆலையில் நடப்பது அப்படியே மூத்திரக் குவளையில் நடந்தது. நாக்கை நம்பாமல் சர்க்கரையை உறுதி செய்ய ஒரு வழி கிடைத்தது.

ஆனால் "இருக்கா, இல்லையா" என்பது மட்டும் போதாதே. எவ்வளவு என்று தெரியணும். இங்கேதான் 1860-களில் மான்செஸ்டரின் வில்லியம் ராபர்ட்ஸ் வருகிறார். எனக்குப் பிடித்த மனிதர். அவர் செய்தது ஒன்றுதான்: சிறுநீரின் அடர்த்தியைத் திரவமானியில் பார்த்தார், ஈஸ்ட் போட்டு ஒரு நாள் வைத்தார், மறுபடி அடர்த்தியைப் பார்த்தார். 1.040 இருந்தது 1.010 ஆகியிருந்தால் 30 டிகிரி குறைவு. ஒரு டிகிரிக்கு ஒரு அவுன்ஸில் ஒரு கிரெய்ன் சர்க்கரை என்று கணக்கு. நம் கணக்கில் சொன்னால் 30-ஐ 0.23-ஆல் பெருக்குங்க, ஏறத்தாழ 7 சதவீதம். ஒரு லிட்டர் சிறுநீரில் 70 கிராம் சர்க்கரை! இன்சுலின் இல்லாத காலத்தில் அந்த நோயாளி நாளுக்குப் பல லிட்டர் கழிப்பார். உடம்பு ஏன் குச்சியாக இளைத்துப் போச்சு என்பதற்கு அந்த எண்ணே பதில். தின்றதெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

இந்த முறையைத்தான் நான் மேலே பீருக்குச் சொன்னேன். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, வித்தியாசமே விடை. சாராயம் காய்ச்சியவரின் கருவியும் கணக்கும் மருத்துவரின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தன. சிறுநீருக்கென்று சின்னதாகச் செய்த திரவமானிக்கு யூரினோமீட்டர் என்று பெயர். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் படித்த யாரிடமும் கேளுங்க, ஆய்வகத்தில் அதை மிதக்கவிட்டு அளந்த நினைவு இருக்கும்.

கொஞ்சம் நம்ம மாவட்டத்துப் பக்கம் வருவோம். நெய்வேலி என்றால் எல்லாருக்கும் நிலக்கரிதான் ஞாபகம். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது, 1956-ல் நிறுவனம் உருவானது என்பதெல்லாம் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே கடலூர் – பண்ருட்டி சாலையில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்துவிட்டது. 1897-ல் உருவான அந்தக் கம்பெனியின் முழுப் பெயரைப் பாருங்க: ஈஸ்ட் இண்டியா டிஸ்டில்லரிஸ் அண்ட் ஷுகர் ஃபேக்டரீஸ். சாராயமும் சர்க்கரையும் ஒரே பலகையில். இன்றைய ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரில் "டி" என்பது அந்த டிஸ்டில்லரிதான்.

கரும்பு ஆலையில் "பிரிக்ஸ் எவ்வளவு?" என்று கேட்பார்கள். நம்ம பக்கத்து விவசாயிகளுக்கு இது தெரிந்த சொல். 1843 வாக்கில் பிராகாவின் கார்ல் பாலிங் சர்க்கரைக் கரைசலின் அடர்த்திக்கு அட்டவணை போட்டார். ஜெர்மனியின் அடால்ஃப் பிரிக்ஸ் அதைத் திருத்தினார். பின்னர் ஃபிரிட்ஸ் பிளாட்டோ இன்னும் திருத்தினார். சர்க்கரை ஆலைக்காரர் பிரிக்ஸ் என்பார், பீர்க்காரர் பிளாட்டோ என்பார், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது. ஆனால் பிரிக்ஸ் என்பது சர்க்கரை மட்டும் அல்ல, கரைந்த உப்பும் மற்றதும் சேர்த்துத்தான். அதனால்தான் ஆலையில் தனியாக "போல்" என்று இன்னொரு அளவும் எடுக்கிறார்கள்.

பதநீர் பிரியர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதால் அது கள் ஆகாமல் இருக்கிறது; சர்க்கரை அப்படியே இருக்கிறது. நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஒரு பெரிய டம்ளர் குடித்தால் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. "இயற்கையானது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு சுகர் பேஷன்ட் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அந்த நியாயம் புரியாது.

இந்த மாகாணத்தில் அரசாங்கத்துக்குத் திரவமானி வேறு ஒரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. வரி. 1816-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சைக்ஸ் என்பவரின் ஹைட்ரோமீட்டரைச் சாராயத்தின் வீரியம் அளக்கும் சட்டபூர்வக் கருவியாக்கியது. அதன் அளவுமுறை இந்தியக் கலால் துறைக்கும் வந்தது. "75 டிகிரி புரூஃப், 42.8 சதவீதம்" என்று நம்மூர் பாட்டில்களில் அச்சடித்தார்களே, அந்தக் கணக்கு சைக்ஸ் காலத்துக் கணக்கு. வெள்ளைக்காரன் போனான், கோடு போட்ட தண்டு போகவில்லை.

இப்போ நான் இந்த த்ரெட் எழுதியதற்கு முக்கியமான இடம். தயவுசெய்து ஸ்க்ரோல் பண்ணாதீங்க.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். நெய்வேலிக்கு வடக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டிலும் கொன்றது மெத்தனால்.

குடிக்கும் சாராயம் எத்தனால். அதன் அடர்த்தி 0.789. மெத்தனாலின் அடர்த்தி 0.792. இரண்டு எண்ணையும் மறுபடி பாருங்க. எந்தச் சாராய வியாபாரியின் ஹைட்ரோமீட்டரும் இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லாது. சைக்ஸின் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், "வீரியம் நல்லா இருக்கு" என்றுதான் காட்டும். பற்றவைத்துப் பார்ப்பதும், பாட்டிலைக் குலுக்கி முத்து முத்தாக நுரை நிற்கிறதா என்று பார்ப்பதும் உதவாது. மூக்குக்கும் நாக்குக்கும் நம்பும்படியாகத் தெரியாது. கருவி கேட்டது "எவ்வளவு கனம்?" என்ற கேள்வியை மட்டும். "யார் நீ?" என்று அது கேட்கவே இல்லை.

உடம்பு கேட்கும். கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் அதை ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை ஆகும். அதனால்தான் குடித்தவர் ராத்திரி நல்லாத் தூங்கி, காலையில் வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல், "கண்ணு முன்னாடி பனி மூட்டமா இருக்கு" என்று வருகிறார். பார்வை நரம்பு கருகுகிறது. மாற்று மருந்து இருக்கு: ஃபோமெபிசோல், அது இல்லாவிட்டால் மருத்துவமனையில் கட்டுப்பாட்டோடு கொடுக்கும் எத்தனால், கூடவே டயாலிசிஸ். எல்லாம் நேரத்தோடு வந்தால்தான். "போதை தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் படுக்க வைக்காதீங்க. கண் மங்குது என்று சொன்ன நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்க. போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம், குடித்ததைச் சொன்னால்தான் சரியான மருந்து போக முடியும்.

ஒரு தெளிவு: மால்ட்டைச் சாதாரணமாக நொதிக்க வைப்பதில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உருவாகாது. இந்த மரணங்களில் வந்தது தொழிற்சாலை மெத்தனால்.

மறுபடி சர்க்கரைக்கு வருவோம். அடர்த்தி பார்க்கும் வழியின் குறை மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஈஸ்ட் வேலை செய்ய ஒரு நாள் காத்திருக்கணும். 1908-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு நீல நிறக் கரைசல் கண்டுபிடித்தார். 5 மில்லி கரைசலில் 8 சொட்டு சிறுநீர், கொதிக்க வைக்கணும். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று ஏற ஏற சர்க்கரை அதிகம். 1948-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார் பேராசிரியர் எம். விஸ்வநாதன். அவர் தலைமுறை மருத்துவர்கள் இந்த நிறங்களைப் பார்த்துத்தான் பல நாள் இன்சுலின் அளவை முடிவு செய்தார்கள். உங்க தாத்தா வீட்டில் ஸ்பிரிட் விளக்கும் டெஸ்ட் டியூபும் இருந்திருந்தால் அது இதுக்குத்தான்.

1941-ல் இதையே மாத்திரையாக்கி கிளினிடெஸ்ட் என்று அமெரிக்காவில் விற்றார்கள். அடுப்பே வேண்டாம், சிறுநீரில் போட்டால் தானே கொதிக்கும். இப்போ வேடிக்கையைப் பாருங்க: அங்கே வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் மருந்துக் கடையில் இந்த மாத்திரையை வாங்கி, ஒயினில் மீதிச் சர்க்கரை பார்க்க ஆரம்பித்தார்கள். பீர்க்காரரின் கருவி மருத்துவரிடம் வந்தது, மருத்துவரின் மாத்திரை ஒயின்காரரிடம் போனது. கடன் தீர்ந்தது!

சிறுநீர்ச் சோதனையின் பெரிய குறை என்ன தெரியுமா? ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் வரும். அதற்குக் கீழே 70 இருந்தாலும் 40 இருந்தாலும் கரைசல் நீலமாகத்தான் இருக்கும். மயக்கத்தில் கிடப்பவருக்கு அது எதையும் சொல்லாது. ரத்தத்தை நேரடியாகப் பார்க்கும் ஸ்ட்ரிப் 1960-களில் வந்தது. அதன் நிறத்தைப் படிக்கும் மிஷின் 1970 வாக்கில். ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஏறக்குறைய 500 டாலர் விலை, மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோயாளி, மருத்துவரான தன் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி வீட்டில் தானே அளக்க ஆரம்பித்தார். நோயாளி தானே அளப்பதா என்று மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் நாற்பது வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானே டாக்டர் ஆனார். பேவர்ஸ்டாக்கை ஊருக்கு அனுப்பிய விட்பிரெட் ஞாபகம் வருகிறாரா?

இன்று அந்த மிஷின் உள்ளங்கையில் அடங்குகிறது. ஆனால் அதற்கும் ஹைட்ரோமீட்டரைப் போலவே குருட்டுப் பக்கங்கள் உண்டு. ரத்தசோகை இருப்பவருக்குப் பல மிஷின்கள் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலோ வெயிலில் நின்ற காரில் வைத்தாலோ அளவு கெடும். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் மாம்பழத்தின் சுகர்தான் வரும்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது மால்டோஸ். சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் கொடுக்கப்படுகிறது. அது உடலுக்குள் உடைந்து மால்டோஸ் ஆகும். பீர்ச் சாற்றில் பார்த்தோமே, அதே மால்டோஸ். நான் மேலே சொன்ன ஸ்ட்ரிப்புகள் குளுக்கோஸை மட்டும் பார்ப்பவை. ஆனால் ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ. என்ற நொதியில் வேலை செய்த இன்னொரு வகை, மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். மிஷின் 250 காட்டும், உண்மையில் ரத்தத்தில் 50 இருக்கும். அந்த 250-ஐ நம்பி இன்சுலின் போட்டால்? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டபோது, இந்த வகை ஸ்ட்ரிப்புகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் அதுவரை பதிவாகியிருந்தன.

உங்க வீட்டில் யாராவது வயிற்று வழி டயாலிசிஸில் இருந்தால், இன்றைக்கே அவங்க ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து உள்ளே இருக்கும் தாளைப் பாருங்க. எந்த நொதி, மால்டோஸ் குறுக்கிடுமா என்று அதில் எழுதியிருக்கும். புரியவில்லை என்றால் அந்தத் தாளையும், பயன்படுத்தும் டயாலிசிஸ் திரவத்தின் பெயரையும் போட்டோ எடுத்து உங்க சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்க. வேறு மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால் அங்கே சுகர் பார்க்கும் முன்பே இதைச் சொல்லிடுங்க. லேப்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.